நாற்பத்திரண்டாவது ஓட்டு

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் மூடி இல்லாத ஓர் எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. பிடி ஒரு பக்கம் கழன்றுபோய், வலை பின்னுகிற நரம்பால் சுற்றிக் கட்டியிருக்கும். என் மனைவி மாதம் ஒருமுறையாவது அதை இறக்கித் துடைத்து, "ஒண்ணு இதுக்கு மூடி வாங்குங்க, இல்ல பழைய பாத்திரக்காரன்கிட்ட போடுங்க, எதையாவது செய்யுங்களேன்" என்பாள். நான் இரண்டையும் செய்யவில்லை. அதன் மூடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கிருந்து கிழக்கே போகிற மினி பஸ்ஸில் ரோடு முடிகிற இடம்வரை. அதற்கப்புறம் உப்பங்கழியில் முக்கால் மணி நேரம் தோணி. சுரபுன்னைக் காடு விலகினால் ஒரு திட்டு தெரியும். அந்தத் திட்டில் கடைசி வீட்டில் இருக்கிறது மூடி. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதமாட்டேன் என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாய்க்கால் மதகு பார்க்கிற ஆபீசில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, டீக்கடைப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே நாலெழுத்து கற்றுக்கொண்டேன். ஆட்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பஸ்ஸில் பின்சீட்டில் யாராவது நன்றாகப் பேசினால் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விட்டு நடந்து திரும்பியிருக்கிறேன். அதனால் தேர்தல் வேலைக்குப் பெயர் வந்தால் எல்லோரும் மெடிக்கல் லீவுக்கு அலையும்போது நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். புது ஊர், புது வாய். அப்படித்தான் ஒரு பாராளுமன்றத் தேர்தலுக்கு அந்தத் திட்டுக்குப் போனேன். அங்கே மொத்தம் நாற்பத்தோரு ஓட்டு. ஓர் அறைப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி.

திட்டு என்றால் ஆள் இடுப்பளவு உயர்ந்த மணல்மேடு. வெள்ளம் வந்தால் அவர்களுக்கு அதுதான் மலை. அந்த நாற்பத்தோரு பேருக்கும் ஓட்டுப் போடுவதில் ஒரு தனி வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூடுவார்கள். தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் இரண்டு பானை. ஆளுக்கு ஒரு கிளிஞ்சல். முதலில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சிக்காக வேண்டுமானாலும் வாய் கிழியப் பேசலாம். பிறகு ஒவ்வொருவராக மறைப்புக்குள் போய்க் கிளிஞ்சலைப் போட்டுவிட்டு வரவேண்டும். எந்தப் பானையில் அதிகமோ அந்தச் சின்னத்துக்கு மறுநாள் ஊர் மொத்தமும் போடும். எண்ணி முடித்ததும் கிளிஞ்சல்களைத் தண்ணீரில் கொட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அதைப்பற்றிப் பேச்சே கிடையாது. காலையில் முதல் ஓட்டு, தோற்ற பக்கத்துக்காகப் பேசியவருடையது. "தோத்தவங்க மனசு ஆறணும்ல சார்? அதான் மொத மரியாதி அவுங்களுக்கு" என்றார் நாட்டாமை. ஒல்லியான, அமைதியான மனிதர். "எண்ணும்போது எங்க பெட்டியில ஒரு சின்னத்துக்கு நேரா ஓட்டு இருக்கும், மத்த எல்லாத்துக்கும் நேரா சுழி இருக்கும். அந்தச் சுழிதான் சார் எங்க சொத்து. நாப்பது ஓட்டுக்கு எவன் மதிப்பான்? சுழிக்குத்தான் மதிக்கிறான். தண்ணித் தோணி வருதுன்னா அந்தச் சுழியாலதான் வருது."

அந்த மத்தியானம் தோற்ற பக்கத்துக்காகப் பேசியவர்தான், நான் பிறகு வாக்குக் கொடுத்த அக்கா. நாற்பது வயதிருக்கும். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். "எம் பெரியவளைத் தோணியிலதான் பெத்தேன். எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வரைக்கும் அவளுக்குப் பொறுக்கல, பாதித் தண்ணியிலயே வெளிய வந்துட்டா. அந்தக் கட்சி ஆளு வந்து பாலம் கட்டித் தர்றேங்குறாரு. பொய்யின்னே வெச்சிக்கங்க. நம்மாளு அந்தப் பொய்யைக்கூட சொல்லலியே!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையிலிருந்து அவர் புருஷன், "இவ சொல்ற பக்கமே போட்டுத் தொலைங்கப்பா. ஜெயிச்சா நானு ரெண்டு நாளு நிம்மதியா தூங்குவேன்" என்றார். "ஏன் மச்சான், தோத்தா மட்டும் அது தூங்க விட்டுடுமா?" என்றது இன்னொரு குரல். அக்கா தோற்றார். நாட்டாமை கிளிஞ்சல்களைத் தண்ணீரில் கொட்டினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா புதுப்புடவையில் முதல் ஆளாக வந்து, நான் நீட்டிய மைக்குச்சிக்கு விரலைக் காட்டி, உள்ளே போய், வெளியே வந்து கையை உயர்த்திக் காட்டினார். "போட்டாச்சு! மனசில்லாமதான் போட்டேன், ஆனா போட்டாச்சு!" வரிசை கைதட்டிச் சிரித்தது.

ஏழே முக்காலுக்கு நாற்பத்தோரு பேரும் முடித்துவிட்டார்கள். இனி சாயங்காலம் ஆறு மணிவரை அந்த மெஷினுக்கு வேலை இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தான், நாங்கள் உட்கார்ந்திருக்கவேண்டும். வடலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தலைமை அலுவலர், ஒரு பள்ளி ஆசிரியர், "நான் பல்லு விளக்குறதுக்குள்ள இவுங்க ஜனநாயகத்தையே முடிச்சிட்டாங்கய்யா" என்றார். ஊர்ச் சார்பில் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த, நாட்டாமையின் உடன்பிறந்தவள் மகன் பதினொரு மணிக்கு வராண்டாவில் துண்டை விரித்துக் குறட்டை விட ஆரம்பித்தான். ஒரு மணிக்கு அக்கா சோறும் இறால் தொக்கும் கொண்டுவந்தார். நான் தொக்கைப் புகழ்ந்த புகழ்ச்சியில், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு தூக்குவாளி நிறையப் போட்டுக் கொடுத்தார். அதன் மூடியில் அவர் புருஷன் பெயரைப் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது. "அடுத்த எலெக்‌ஷனுக்கு வரும்போது வாளியைக் கொண்டாங்க தம்பி. கொண்டாரலன்னா நானு மாத்திப் போட்டுடுவேன், ஊரு சுழி உங்களாலதான் கெடும்" என்று சிரித்தார்.

மூன்று மணி வாக்கில் தலைமை அலுவலர், "உங்கிட்டதான் டூட்டிச் சான்று இருக்குதே, உன் ஓட்டை இங்கியே போட்டுடேன்" என்றார். தேர்தல் வேலைக்குப் போகிறவன் தன் சொந்த ஊரில் போய் ஓட்டுப் போட முடியாது. அதே பாராளுமன்றத் தொகுதிக்குள் வேலை விழுந்தால், அந்தச் சான்றைக் காட்டி வேலை பார்க்கிற சாவடியிலேயே போடலாம். நான் போட்டேன். என் விரலில் நானே மை வைத்துக்கொண்டேன். எந்தச் சின்னத்துக்கு என்றால், பாலம் கட்டுகிறேன் என்றவரின் சின்னத்துக்கு. அதுவரை அவரைப்பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது. அந்த அக்கா முந்தின நாள் பேசியதைக் கேட்டுத்தான் போட்டேன். ஆறு மணிக்கு ஏஜெண்டை எழுப்பிக் கணக்குத் தாளில் கையெழுத்து வாங்கினோம். மொத்தம் நாற்பத்திரண்டு என்று அதில் எழுதியிருந்தது. அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டான்.

ஐந்து வருடம் கழித்து அந்தத் திட்டுக்கே டூட்டி வேண்டும் என்று நான் கேட்டபோது, ஆபீசில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எப்படியோ கிடைத்தது. தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்து, அதில் என் மனைவி செய்த அதிரசத்தை அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். எங்களைக் கூட்டிப்போக வந்த தோணியில் கழி போட்டவன் அதே ஏஜெண்டு. பாதித் தண்ணீரில், "அந்த இறால் தொக்கு அக்கா நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எந்த அக்கா?" என்றான்.

அடையாளம் சொன்னேன். கழியை ஊன்றியபடியே சிரித்தான். "அப்படி ஒருத்தரு எங்க ஊருல இல்ல சார். இருக்கு, ஆனா இல்ல."

பிறகு சொன்னான். போன தேர்தலில் எண்ணுகிற இடத்துக்கு அவன்தான் போயிருந்தான். திட்டின் மெஷினைத் திறந்தபோது, எதிர்க்கட்சிச் சின்னத்துக்கு நேராக ஒன்று என்று வந்திருக்கிறது. முப்பது வருஷமாக விழாத ஒன்று. "திரும்பவும் கேட்டுத்தான் தாள்ல எழுதுனேன் சார். யாரு போட்டதுன்னு கேக்கவே தேவையில்ல. மொத நாளு அந்தச் சின்னத்துக்குப் பேசுனது யாரு? அதுதான். புள்ளைங்க தலையில அடிச்சி சத்தியம் பண்ணுச்சு. அந்தக் கண்ணாடிக்குள்ள சீட்டு விழுந்ததைப் பாத்தேன், ஊரு சொன்ன சின்னந்தான் விழுந்துச்சின்னுது. ஏழு செகண்டு தெரியிற சீட்டு. அதை அது மட்டுந்தான பாத்துச்சு?"

எனக்குத் தோணி பக்கவாட்டில் சரிவதுபோல் இருந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. கதை சொல்லும் சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. "யாரும் அடிக்கல சார். திட்டக்கூட இல்ல. நாங்க அந்த மாதிரி ஆளுங்க கெடையாது. பேசறதில்ல, அவ்ளோதான். அவுங்க தோணி கட்ற முளையைப் புடுங்கிப் போட்டோம். தண்ணித் தோணி வந்தா அவுங்க குடம் கடைசி. ரெண்டு வருஷம் முன்னாடி அது புருஷன் சிதம்பரம் ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. பொணம் ரோட்டு முனைக்கு வந்துடுச்சி. கொண்டார நாலு ஆளு வேணும். ஒரு தோணியும் போவல. அதுவும் பெரிய பொண்ணும்தான் கழி போட்டு இட்டாந்தாங்க. நடுவுல காத்து வேற. ரெண்டு தடவை தோணி காட்டுக்குள்ள சொருவிக்கிச்சு." கழியை இழுத்துத் தண்ணீரை உதறினான். "ஊரே கரையில நின்னு பாத்துக்கினுதான் இருந்தோம்."

மறுநாள் ஏழே முக்காலுக்கு ஊர் ஓட்டுப் போட்டு முடித்தது. அக்கா மட்டும் வரவில்லை. "எல்லாரும் தூங்கற நேரமாப் பாத்து மூணு மணிக்கு வரும்" என்றார்கள். நான் நாட்டாமை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அடுப்பில் டீக்கு வைத்திருந்தார். போன தேர்தலில் எண்ணிக்கையைக் குறித்த தாள் இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியிலிருந்து எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அந்த ஒன்றைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. அதற்கு மேலே, ஊர் போட்ட சின்னத்துக்கு நேராக, தோணி ஓட்டிய அந்த ஏஜெண்டின் கோணல் எழுத்தில் நாற்பத்தொன்று.

"இதைக் கூட்டுங்க" என்றேன்.

"எதுக்கு சார் கூட்டணும்? சுழி இல்லல்ல?"

"கூட்டிப் பாருங்க."

கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முதலில் தாளில் இருப்பதை. பிறகு உதடு அசைய, வீடு வீடாக, ஆள் ஆளாக. கடைசிக் கணுவில் கட்டைவிரல் நின்றுவிட்டது. இத்தனை வருடமும் அவர்கள் மற்றவர்களுக்கு நேராக இருக்கிற சுழியைத்தான் பார்த்திருக்கிறார்கள். தங்களுக்கு நேராக இருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. ஊர் முழுக்கப் போட்டிருக்கிறது என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே.

"அந்த இன்னொண்ணு நான் போட்டது" என்றேன். டூட்டிச் சான்று, சட்டம் எல்லாம் சொன்னேன். நான் பேசுவதை அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, "அவ புருஷன் எனக்குச் சித்தப்பா மவன் சார். கூட ஆடுனவன்" என்றார். "பொணத்துக்குத் தோணி விடாதீங்கடான்னு சொன்னது நானு. இதை இப்ப ஊருல சொன்னா எவன் மூஞ்சியில எவன் முழிப்பான்? நீங்க சாயங்காலம் மெஷினைத் தூக்கிக்கினு போயிடுவீங்க." எழுந்துபோய், உறையிலிருந்து தாளை உருவி, அடுப்பில் வைத்தார். அவர் மனைவி என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. டீ பொங்கி வழிந்தது.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். முன்பு பார்த்ததில் பாதியாக இருந்தார். புடவை இடுப்புவரை ஈரம். நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, அப்படியே நடந்து அக்கரைக்குப் போய் விற்றுவிட்டு வருவாராம். புருஷனின் தோணி போன மழையில் உடைந்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "தம்பி! வாளிக்காரத் தம்பி!" என்றார். அந்தத் திட்டில் அன்று என்னை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டது அவர் ஒருத்திதான். ஓட்டுப் போடும் முன்பே அவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன் என்பதையும் சொன்னேன். காலையில் நாட்டாமையிடம் சொன்னதையும் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அக்கா ஈரப் புடவையின் ஓரத்தைப் பிழிந்துவிட்டார். பிறகு சந்தையில் சரக்கு பேசுகிறவர் மாதிரி நிதானமாகக் கேட்டார்: "நாட்டாமை ஊருல சொல்றேன்னாரா?"

"இல்லக்கா. ஆனா நான் சொல்றேன். இப்பவே எல்லாரையும் கூப்பிட்டு..."

"வாயை மூடுங்க தம்பி." குரல் உயரவே இல்லை. "எம் பெரியவ ஏழு மாசம். ரோட்டு முனையில கட்டிக் குடுத்திருக்கேன், அங்க பாத்துக்க ஆளில்ல. தலைப்பிரசவத்துக்கு இங்கதான் வரணும். அவளால இடுப்புத் தண்ணியில நடக்க முடியுமா? வலி கண்டா ஆஸ்பத்திரிக்குப் போவணும். தோணி வேணும் எனக்கு. ஊருத் தோணி." என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "தப்பு பண்ணவன்னா கால்ல விழுந்தா சேத்துக்குவாங்க. தப்பே பண்ணாதவளை எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சேத்துக்குவாங்க? ஊருல எவங்கிட்டயும் சொல்லமாட்டேன், வெளியில எங்க ஊருப் பேரை எடுக்கமாட்டேன்னு சொல்லுங்க." சொன்னேன்.

உள்ளே போய் ஓட்டுப் போட்டார். வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நாட்டாமை வீட்டு வாசலுக்குப் போனார். ஐந்து வருடம் யாரும் கேட்காத குரல் அந்தத் திட்டில் எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். நான் தெருமுனையில் நின்றேன். "நான்தான் போட்டேன்! புத்தி கெட்டுப் போட்டேன்! ஊருக்குத் துரோகம் பண்ணேன்! எம் புள்ளைங்க மேல பொய்ச்சத்தியம் பண்ணேன், அதுக்குத்தான் எம் புருஷன் செத்தான்!" குப்புற விழுந்து நாட்டாமையின் காலைப் பிடித்துக்கொண்டார். இன்று ஊர்ச் சின்னத்துக்கே போட்டிருக்கிறேன், எண்ணும்போது பாருங்கள் என்றும் கத்தினார். ஒரு கிழவி, "இப்பவாவது வாயில உண்மை வந்துச்சே" என்றாள். தோணிக்காரன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், நான் சொன்னேனில்லையா என்பதுபோல.

நாட்டாமை தலை தூக்கி, கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தார். காலையில் கணுக்களை எண்ணிய அதே கையை அக்காவின் தலையில் வைத்தார். "எழுந்திரு தங்கச்சி. ஊரு பெருசு. ஊரு மன்னிக்கும்" என்றார். குரல் உடையவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காதே என்று அக்கா சொன்னதால் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. அக்கா மண்ணில் புரண்டுகொண்டிருந்தபோது எனக்குள் வந்தது ஒரு நிம்மதி. சொல்லவேண்டிய வேலை தீர்ந்தது என்கிற நிம்மதி.

மெஷினைத் தோணியில் ஏற்றும்போது தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நெற்றியில் மண் அப்படியே இருந்தது. அதிரசத்தை ஒரு முறத்தில் கொட்டினார். மூடியைத் திருப்பி, புள்ளி எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "அவுரு பேரு போட்ட மூடி எங்கிட்ட இருக்கட்டும். வாளிய எடுத்துக்கினு போங்க. அதுல சாப்பிட்டது நீங்கதான" என்றார். தோணியில் என் மடியில் அது வாய் திறந்தபடி இருந்தது. கழி போடும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் அதற்குள் தெறித்தது.

எண்ணி முடித்த அன்று தோணிக்காரன் போன் செய்தான். "சுழி திரும்பி வந்துடுச்சி சார்! அஞ்சு வருஷம் வெச்சதுல திருந்திடுச்சி பாத்தீங்களா? இனிமே எவனுக்கும் தைரியம் வராது." அடுத்த மாதம் அவனே, அக்காவின் மகளுக்கு ஆண் குழந்தை, ஊர்த் தோணியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்றான். அவன் குரலில் பெருமை இருந்தது.

சமீபத்தில் நடந்த தேர்தலுக்கு மறுநாள் பேப்பரில் அந்தத் திட்டின் படம் வந்திருந்தது. ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று போட்டு, நாற்பது நிமிடத்தில் ஓட்டுப் போட்டு முடித்த அதிசயக் கிராமம் என்று எழுதியிருந்தார்கள். வரிசையின் கடைசியில், மைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தில் இருக்கும் தலைகளை நான் விரல் வைத்து எண்ணினேன். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. என் மனைவி தூக்குவாளியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னத்த எண்றீங்க காலையிலயே?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் அதைத் திரும்பவும் மேல்தட்டில் ஏற்றி, தூசி விழாமல் இருக்க அந்தப் பேப்பரையே மடித்து அதன் வாயில் வைத்துவிட்டுப் போனாள்.